வெயிலில் ஒருமுறை பாருங்கள்

எங்கள் கடைக்கு என் மகள் அக்ஷயாவின் பெயரை வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கடை பிழைத்ததெல்லாம் எதிர்க்கடையினால்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சின்னக்கடைத் தெருவில் அந்தப் பக்கம் சக்கரபாணி அவர்களின் மூன்று மாடி ஜவுளிக்கடை இருந்தது. இந்தப் பக்கம், பத்தடி அகலத்தில், எங்களுடைய மேட்சிங் சென்டர். அங்கே சேலை எடுத்தவர்கள் பையோடு தெருவைக் கடந்து எங்களிடம் வருவார்கள். பொருத்தமான ரவிக்கைத் துணி, உள்பாவாடை, லைனிங், ஃபால்ஸ் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது பல சேலைகளில் ரவிக்கைத் துணியும் சேர்ந்தே வருகிறது. என்றாலும், அது பிடிக்காதவர்களும் போதாதவர்களும் ஊரில் நிறையவே இருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் அப்படி நடந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நிறத்தைக் கடைக்குள் முடிவு செய்ய மாட்டோம். அலமாரியிலிருந்து இரண்டு மூன்று துண்டுகளை எடுத்துக்கொண்டு, சேலையின் முந்தானையையும் பிடித்துக்கொண்டு, படியிறங்கித் தெருவுக்கே போய்விடுவோம். "வெயில்ல ஒரு தடவ பாத்துடலாங்க" என்று வாடிக்கையாளரையும் அழைப்போம். ஆட்டோக்காரர்கள் ஒலி எழுப்புவார்கள். பக்கத்தில் பூ விற்கும் மணி, "நைனார் வீட்டம்மா சேலைய விரிச்சுட்டாங்க, வண்டியெல்லாம் அந்தப் பக்கமாப் போங்க" என்று குரல் கொடுப்பார். வாடிக்கையாளர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் நிறம் முடிவாகிவிடும்.

வெயிலை இன்னொன்றுக்கும் நாங்கள் நம்பியிருந்தோம். நாங்கள் நைனார் என்று அழைக்கப்படும் சமணக் குடும்பத்தினர். பொழுது சாய்ந்த பிறகு உண்பதில்லை. மாலையில் மலைப் பக்கமிருந்து வரும் வெயில் எதிர்க்கடையின் முகப்பில் கீழிருந்து மேலாக ஏறும். இரண்டாம் மாடிப் பெயர்ப்பலகையைத் தொட்டதும் நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறப்பேன். நான் முடித்ததும் என் கணவர் வர்த்தமானன் உட்காருவார். இதற்காக நான் கடிகாரத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

சென்ற ஆனி மாதம் சக்கரபாணி அவர்கள் நேரில் வந்து, வேங்கிக்காலைத் தாண்டித் திறந்திருக்கும் பெரிய வணிக வளாகத்துக்குத் தம் கடையை மாற்றுவதாகச் சொன்னார். ஊரில் எல்லோரும் அதை மால் என்றே அழைக்கிறார்கள். அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, அவசரமும் இருந்தது.

"நான் இன்னா பண்றது நைனாரே? கார்ல வர்றவன் வண்டி நிறுத்த எடம் தேடி கோயிலையே ரெண்டு தடவ சுத்தறான். மூணாவது சுத்துல வேலூருக்குப் போயிடறான். புண்ணியம் அவனுக்கு, நஷ்டம் எனக்கு."

போகும்போது, தம்முடைய புதிய கடைக்கு அருகில் சிறிய கடை ஒன்று காலியாக இருப்பதாகவும், நாங்கள் வருவதாக இருந்தால் தாம் சொல்லிவைப்பதாகவும் தெரிவித்தார்.

ஆடி பிறந்ததும் எதிரில் இரும்புக் கதவு இறங்கியது. 'இடம் மாற்றம்' என்று ஒரு துணிப்பதாகை கட்டினார்கள். அதன் பிறகு நாங்கள் தெருவைக் கவனிக்கத் தொடங்கினோம். அதற்கு முன் அதற்கு நேரம் இருந்ததில்லை. பழச்சாறு கடைக்காரர் நாற்காலிகளில் பாதியை உள்ளே எடுத்துவைத்தார். ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் இருசப்பன் மதியமே இயந்திரத்தின் மேல் உறையைப் போட்டுவிட்டு, எங்கள் படியில் வந்து நின்று பேசுவார். பேசுவதற்கும் ஒன்றும் இராது. பௌர்ணமி அன்று மட்டும் தெரு நிரம்பியது. ஆனால் மலை சுற்ற வருகிறவர்கள் ரவிக்கைத் துணி வாங்குவதில்லை. மடித்து வைத்த துண்டுகளையே மீண்டும் பிரித்து மடித்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது; எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

மாலுக்குப் போகலாம் என்று சொன்னவள் நான்தான். என் கணவர் இரண்டு நாள் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"கனகம், உன் கண்ணுதான் நம்ம கடை. அதை எங்க வெக்கணும்னு நீயே சொல்லு."

மாலின் நிர்வாகத்தினர் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்குப் பத்து நாள் முன்னோட்டமாக ஒரு தற்காலிக இடம் தந்தார்கள். பிடித்திருந்தால் இரண்டாவது வெள்ளிக்கிழமை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டு இடத்திலும் கடை நடத்த எங்களுக்கு ஆளும் இல்லை, சரக்கும் இல்லை. ஆகவே, கையெழுத்திட்டால் சின்னக்கடைத் தெருக் கடையின் சாவியை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்தப் பத்து நாளும் என் கணவர் தெருக்கடையில் இருப்பது, நான் மாலில் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கியிருந்தன. மாலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பளிங்குத் தரை, குளிர்ந்த காற்று, ஓயாத பாட்டு. நகரும் படிக்கட்டுக்குக் கீழே என் மேசை. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு சன்னல்கூட இல்லை. காலை பத்து மணிக்கு எந்த வெளிச்சமோ, மாலை ஆறு மணிக்கும் அதே வெளிச்சம். தேன் கலந்தது போன்ற ஒரு மஞ்சள்.

இரண்டாம் நாள், ஓர் அம்மையாரின் அரக்கு நிறப் பட்டுச் சேலையையும் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, பழக்கத்தின்படி வாசலை நோக்கி நடந்தேன். கண்ணாடிக் கதவருகே ஏதோ ஒரு கருவி கூவியது. காவலர் ராமதாஸ் கையை நீட்டித் தடுத்தார்.

"பில்லுல சீல் இல்லியேம்மா. சேலைய எடுத்துக்கினு எங்க போறீங்க?"

"வெயில்ல பாக்கணுங்க."

"எதை?"

"கலரைங்க."

அவர் தலையை உயர்த்தி கூரை முழுவதும் எரிந்துகொண்டிருந்த விளக்குகளைக் காட்டினார். "இவ்ளோ லைட்டு போட்டுக் கீறாங்க. பத்தலியா உங்களுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது தவறான சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடந்தான். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மையார் தம் சேலையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "பரவால்லம்மா, இதுவே போதும்" என்று முதல் துண்டையே வாங்கிக்கொண்டார். நான் ராமதாஸிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு அந்த வாசல் பக்கம் சேலையோடு போகவில்லை. மாலின் நிர்வாக அதிகாரியிடம் அனுமதி கேட்டிருக்கலாம். தினமும் காலையில் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், கண்ணாடி அறைக்குள் அவர் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார், திரும்பிவிடுவேன்.

ஆறாம் நாள் மாலை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஜோதியம்மாள் என்பவர் வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. அந்த நிறம் நீலமும் பச்சையும் ஊடாகச் சேர்த்து நெய்வது. அசைத்தால் ஒன்று, மடித்தால் ஒன்று. மேசையில் மூன்று துண்டுகளை வைத்தேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சேலையில் பச்சைதான் ஓங்கித் தெரிந்தது. ராமர் பச்சையில் ஒரு துண்டை எடுத்தேன். என் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. நிறுத்திக்கொண்டேன்.

"சரியாப் பொருந்துதாம்மா? பொண்ணு மாமியார் வூட்டாளுங்க முன்னாடி நிக்கப் போவுது" என்று கேட்டார் அவர்.

"பொருந்துதுங்க" என்றேன்.

புதிய பைகள் அச்சாகவில்லை. சின்னக்கடைத் தெரு முகவரி போட்ட பழைய பையிலேயே துணியை வைத்துக் கொடுத்தேன். அடுத்தடுத்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சற்று ஓய்ந்ததும் டிபன் பெட்டியைத் திறந்து இரண்டு கவளம் சாப்பிட்டேன். அப்போதுதான் மாலில் என் எதிரே இருந்த கடையில் ஒருவர், மணி ஏழாகிவிட்டதே என்று சலித்துக்கொண்டது கேட்டது. பெட்டியை மூடினேன். திருமணத்துக்கு முன்பும் பின்பும் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அடுத்தவருக்கு உள்பாவாடை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லவில்லை. கொடுத்த துணியைப் பற்றியும் சொல்லவில்லை. ஆனால் 'பொருந்துதுங்க' என்ற சொல் இரண்டு நாளும் வாயிலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை, லைனிங் துணி எடுத்துப் போவதற்காகத் தெருக்கடைக்கு வந்தேன். என் கணவர் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். கல்லாவுக்கு மேலே நாட்காட்டி மாட்டும் ஆணியில் ஒரு பச்சைத் துண்டு தொங்கியது. வாசல் வெயில் நேராக அதன் மேல் விழுந்திருந்தது. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இத பாரு. நேத்து ஒரு அம்மா எடுத்தாந்தாங்க. மயில்கழுத்துக்கு இதைக் குடுத்து அனுப்பிக் கீறான் எவனோ. தெருவுல வெச்சுக் காட்டினேன். சேலை நீலமா மின்னுது, இது பச்சையா முழிச்சிக்கினு நிக்குது. மணி கூட வந்து பாத்துட்டு சிரிச்சாரு. கண்ணு தெரியாதவனெல்லாம் மேட்சிங் கடை வெச்சா இப்படித்தாம்மான்னு சொன்னேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. என் மூஞ்சியப் பாத்து சிரிச்சிக்கினே, இதை இங்கயே போட்டுட்டு வேற ஜாக்கெட் பிட்டு வாங்கிக்கினு போனாங்க. நல்ல மனுஷி."

நான் லைனிங் கட்டைத் தேடுவது போல அலமாரிப் பக்கம் திரும்பி நின்றேன். நாளை கையெழுத்து. இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம். அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பிக் கொடுப்பார். நான் அந்தத் தேன் வெளிச்சத்தில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து பொருந்துகிறது, பொருந்துகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். யாராவது ஒருவர் பொருந்தாத துணியை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்கு இந்தத் தெருவில் கடையும் இராது.

"எந்தப் பையில போட்டு எடுத்தாந்தாங்க?" என்று கேட்டேன்.

"நம்ம பையிலதான். ஊர்ல எல்லார் வூட்லயும் நம்ம பைதானே…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

"நான்தாங்க குடுத்தேன்."

அவர் எழுந்து ஆணியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, நான்காக மடித்து, கல்லாவின் உள்ளறையில் வைத்தார். ஜோதியம்மாள் புகார் சொல்லத்தான் அந்தப் பையின் முகவரியைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இவர் முந்திக்கொண்டு திட்டத் தொடங்கியதும், இது உங்கள் கடைத் துணிதான் என்று சொல்லி இவரைக் கூச வைக்க வேண்டாம் என்று சிரிப்போடு போயிருக்கிறார். 

"வெயில்ல பாக்கலியா?" என்று கேட்டார் என் கணவர்.

"வாசல்ல நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

 பிறகு, "சாப்பாடு பொழுதோட ஆவுதா அங்க?" என்று கேட்டார். எப்படித்தான் அதை இதோடு சேர்த்தாரோ தெரியவில்லை. இரண்டு கவளத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளைக்குத்தானே கையெழுத்து என்று மட்டும் கேட்டுவிட்டு, லைனிங் கட்டைத் தாமே எடுத்து என் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, மேசைச் சரக்கைக் கட்டி வைத்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனேன். நிர்வாக அதிகாரி அறிவுச்செல்வன் இளைஞர். என்னைப் போலவே மிகவும் மரியாதையாகப் பேசுகிறவர். இருவரும் ஒருவரை ஒருவர் முதலில் உட்காரச் சொல்லியதிலேயே சிறிது நேரம் போய்விட்டது. கட்டடத்துக்கு வெளியே, இருசக்கர வாகனங்கள் நிறுத்துமிடத்தை ஒட்டி, சாமான் தள்ளுவண்டிகளை வரிசையாக விட்டிருக்கும் இடத்தில் எனக்கு நான்கடி தர முடியுமா என்று கேட்டேன். வாடகையில் குறை வைக்க மாட்டோம் என்றும் சொன்னேன். அவர் சிரித்து, வெளியே கடை வைத்தால் முகப்பு கெட்டுவிடும் என்பதைப் பொறுமையாக விளக்கினார். வெளிச்சந்தான் குறை என்றால், பகல் வெளிச்சம் தரும் விளக்கு என்றே ஒன்று விற்கிறது என்று சொல்லி, ஆளை அனுப்பி வரவழைத்து மேசைமேல் எரியவும் விட்டார்.

என் பையில் எப்போதும் நிறத்துண்டுகள் கோத்த வளையம் ஒன்று இருக்கும். அதை எடுத்து விளக்கடியில் விரித்தேன். மஞ்சள் போய்விட்டது, உண்மை. ஆனால் மயில்கழுத்துத் துண்டு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீலமா பச்சையா என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். அவ்வளவு நல்லவரிடம் போதாது என்று சொல்வது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு மேடம். கடைசிப் பக்கத்துல முழுக் கையெழுத்து" என்று பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே, இரவு பத்து மணிவரை கடையை மூடக்கூடாது என்ற வரி இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் யாருக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னவளில்லை நான். கடையில் இல்லாத நிறத்தைக் கேட்டால்கூட, நாளைக்கு வரவழைக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க செஞ்சதெல்லாம் ரொம்ப நல்லதுங்க. ஆனா…" என்றேன்.

அவர் நன்றி சொல்லி, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"என்னால முடியாதுங்க" என்றேன். பேனாவை மூடி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தேன்.  வெளியே வரும்வரை யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

வாசலில் ராமதாஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னைக்கு சேலை இல்லாமப் போறீங்க. கலரெல்லாம் செட்டாயிடுச்சா?" என்று கேலி செய்தார்.

நான் வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் பையை மாட்டப்போன ஒரு பெண், சேலையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்துக் கணவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கார் அருகே இன்னும் இருவர் அப்படியே. பத்து நாள் உள்ளேயே உட்கார்ந்திருந்ததில் இதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எல்லோரும் வெயிலுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

"கேட்டுக்கு வெளிய நின்னு நாலு பேர்கிட்ட பேசினா யாராவது ஏதாவது சொல்லுவாங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"கேட்டுக்கு வெளிய கவர்மெண்ட் ரோடும்மா. அங்க நான் யாரு சொல்றதுக்கு?"

பேருந்து நிறுத்தம் வாயிலுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மாலின் பையோடு வந்த முதல் பெண்மணியிடம், "வணக்கங்க, ஒரு நிமிஷம்" என்பதற்குள், "லோனு எல்லாம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு விலகிப் போய்விட்டார். அடுத்தவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நான் வளையத்தைப் பைக்குள் வைத்தேன், மீண்டும் எடுத்தேன். வெயில் மலையின் தோளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. என் டிபன் பெட்டி இன்னும் திறக்காமல் இருந்தது.

அலுவலகம் விட்டு வந்த ஓர் இளம்பெண், கழுத்தில் ஆட்சியர் அலுவலக அட்டையோடு, நிறுத்தத்தின் ஓரத்தில் நின்று தன் பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளையில் வாங்கியிருக்க வேண்டும்.

"உள்ள வேற கலராத் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். பழகிப் பார்த்த வாக்கியம் அதுவன்று.

அவள் நிமிர்ந்தாள். "ஆமாங்க. வெங்காயத் தோல் கலர்னு சொல்லித்தான் எடுத்தேன். இப்ப பாத்தா ரோஸ் ஜாஸ்தியா இருக்குது. இதோட வந்த ஜாக்கெட் பிட்டும் சேரல. நீங்க யாரு?"

சின்னக்கடைத் தெருவில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது என்றேன். நாளை விடுமுறைதான், ஆனால் ஊருக்குப் போகிறேன், இன்றைக்கே கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும், என் கணவர் கடையில் இருக்கிறார் என்றேன். அதற்குள் நகரப் பேருந்து வந்துவிட்டது. இருவரும் ஏறினோம். கடைக்குப் போய்ச் சேரும்போது தெருவில் வெயில் இராது என்பது ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வலப்பக்கச் சன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் இன்னும் சன்னலில் இருந்தது. மலைக்குப் பின்னால் போக அதிக நேரம் இல்லை. மடியில் டிபன் பெட்டி. இருக்கிற வெளிச்சம் சாப்பிடவோ நிறம் பார்க்கவோ, ஒன்றுக்குத்தான் போதும்.

"இதைக் கொஞ்சம் புடிச்சிக்கோங்க" என்று பெட்டியை அவளிடம் கொடுத்தேன். சேலையின் ஓரத்தை வாங்கிச் சன்னலில் நீட்டி, வளையத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு துண்டுகள் நெருங்கி வந்தன. பேருந்து வளைவில் திரும்ப, கட்டடம் ஒன்று வெயிலை மறைத்தது. மீண்டும் வரட்டும் என்று கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.